புயலுக்குப் பின் வரும் தவணை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் எழுந்த சுனாமி, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தின் கரை மணலை வாரிக்கொண்டு போனபோது, அதுவரை எவர் கண்ணிலும் படாமல் கிடந்த கல்வெட்டுகள் சில வெளிப்பட்டன. அவற்றைத் துணையாகக் கொண்டு தொல்லியல் துறையினர் அகழ்ந்து பார்த்ததில், பல்லவர் காலத்துக்கும் முற்பட்ட செங்கற்கோயில் ஒன்று, முருகனுக்கு எடுக்கப்பட்டது, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அந்தக் கோயிலும் முற்காலத்தில் கடற்கோளாலோ பெரும்புயலாலோ சிதைந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். ஆகவே, சமுத்திரமும் மழையும் சேர்ந்து மனிதனின் சம்பாத்தியத்தை ஒரு நாளில் வாரிச் செல்வது செங்கற்பட்டுப் பிரதேசத்துக்குப் புதிய சம்பவமன்று, நூற்றாண்டுகளாக நடந்துவருவதே.

அண்மைக் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பட்டியல் நீளுகிறது. சுனாமியில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடற்கரைக் குப்பங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படகும் வலையும் இழந்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு. 2015 டிசம்பர் முதல் தேதியன்று தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாற்றை ஒட்டிய முடிச்சூர்ப் பகுதியின் தெருக்கள் ஆறுகளாயின. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு தொடங்கி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. அடுத்த ஆண்டே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையில் ஏறுவதற்கு முன் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களையும் நீரில் ஆழ்த்திவிட்டுப் போயிற்று.

இத்தகைய நாட்களில் அரிசியும் போர்வையும் பணமும் கொண்டு சகாயம் செய்வோர் பலர் வருகின்றனர். ஆனால் வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, நனைந்ததை வெயிலில் உலர்த்தி, மனம் சற்று நிலைகொள்ளும் சமயத்தில், ஒவ்வொரு மாதமும் தவறாமல் வருகின்ற ஒன்று அந்த மாதமும் வந்துவிடுகிறது. அதுதான் கடன் தவணை. கடன் வாங்கி வாங்கிய படகு கரையில் உடைந்து கிடக்கலாம். கடன் வாங்கி விதைத்த சம்பா வயலில் அழுகிக் கிடக்கலாம். ஆனால் கடன் பத்திரத்தில் எழுதிய தேதி மாறுவதில்லை. அந்தத் தேதியை மாற்றுவதற்குச் சட்டத்திலும் வங்கி நடைமுறையிலும் வழி உண்டா, உண்டெனில் அது யாருக்கு, எவ்வளவு தூரம், என்ன விலைக்கு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வஜாவும் தகாவியும்

பேரிடர் காலத்தில் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இருக்க அனுமதி தருவது பழைய வழக்கமே. நிலவரி கொடுப்பதே குடியானவனின் தலையாய கடனாக இருந்த காலத்தில், ஏரி உடைந்தாலும் மழை பொய்த்தாலும் தாசில்தார் பயிரைப் பார்வையிட்டு, ஜமாபந்தியில் ‘வஜா’ எழுதுவார். அதாவது, அந்த ஆண்டின் தீர்வை குறைக்கப்படும் அல்லது தள்ளப்படும். ஏரிகளையே நம்பி நெல் விளைவித்த செங்கற்பட்டு ஜில்லாவில் இதற்கு அடிக்கடி அவசியம் நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் என்ற துரைக்காக மதுராந்தகம் ஏரிக்கரையை ராமபிரானே நின்று காத்தார் என்று வழங்கும் ஐதிகமும், அதனால் அங்குள்ள பெருமாளுக்கு ஏற்பட்ட ‘ஏரி காத்த ராமர்’ என்னும் திருநாமமும், ஒரு கரை உடைந்தால் குடிகளுக்கும் சர்க்காருக்கும் ஒருங்கே நேரக்கூடிய நஷ்டத்தை எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்குச் சான்று.

வரியை விடுவது ஒரு பாதி. மறுபடியும் உழுது விதைக்கப் பணம் கொடுப்பது மறு பாதி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷனின் யோசனையைப் பின்பற்றி, 1883-இல் நிலமேம்பாட்டுக் கடன் சட்டமும், 1884-இல் விவசாயிகள் கடன் சட்டமும் பிறந்தன. இவற்றின்படி சர்க்கார் நேராகக் கொடுத்த கடனுக்குத் ‘தகாவி’ என்று பெயர். ஆனால் தகாவி பெறுவதற்கு அலைய வேண்டிய அலைச்சலும், அதன் அளவின் சொற்பமும் சேர்ந்து, பெரும்பாலான குடியானவர்களை உள்ளூர் லேவாதேவிக்காரரின் வாசலிலேயே நிறுத்தி வைத்தன.

இந்த நிலைக்கு மாற்றுத் தேடும் பொறுப்பு, சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் வந்து சேர்ந்தது. 1895-லும் 1897-லும் அவர் சமர்ப்பித்த அறிக்கைகள், ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் வகுத்த கிராமக் கூட்டுறவுக் கடன் முறையை இந்தியாவுக்குச் சிபாரிசு செய்தன. அந்த ராய்பைசன் தம் பணியைத் தொடங்கியதும் ஓர் இயற்கைச் சங்கடத்தின் நடுவில்தான் என்பது கவனிக்கத்தக்கது: விளைச்சல் பொய்த்துப் பசி தலைவிரித்தாடிய 1846-47 குளிர்காலத்தில், தாம் தலைவராக இருந்த கிராமத்தில் மாவைக் கடனாகக் கொடுத்து, பின்னர் வசதி வந்தபோது திருப்பிச் செலுத்தச் செய்தார். நிக்கல்சனின் யோசனை 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமாயிற்று. அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் திரூர் கிராமத்திலும், முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்திலும் பதிவாயின. இரண்டும் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள். திரூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

ஆயினும் நல்ல யோசனை ஊரெங்கும் வேரூன்ற நெடுங்காலம் பிடித்தது. சுதந்திரத்துக்குப் பின் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வில், 1951-52-இல் குடியானவர்கள் வாங்கிய மொத்தக் கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு சுமார் 3 சதவீதமே என்று தெரிந்தது. சர்க்காரின் பங்கும் ஏறக்குறைய அவ்வளவே. 1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாகி, அதே ஆண்டின் இறுதியில் மாவட்டந்தோறும் மற்ற வங்கிகளின் கடன் பணியை ஒருங்கிணைக்கும் ஒரு ‘முன்னோடி வங்கி’ என்ற ஏற்பாடு வந்த பிறகுதான், பேரிடர் காலத்தில் கடன் நிவாரணம் என்ற பேச்சுக்கு மாவட்ட மட்டத்தில் ஓர் அமைப்பு வாய்த்தது.

2018-ஆம் ஆண்டு விதி கூறுவது என்ன?

இயற்கைச் சீற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு வங்கிகள் எவ்வாறு உதவ வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1984-லிருந்தே வழிகாட்டி வருகிறது. பலமுறை திருத்தப்பட்ட அவ்விதிகளை 2018 அக்டோபரில் ஒன்றாகத் திரட்டி வெளியிட்டது. அதன் பின்னும் திருத்தங்கள் வருகின்றன, இனியும் வரும். ஆதலால் நுணுக்கங்களைக் கிளையில் கேட்டுத் தெளிவதே உசிதம். 2018-ஆம் ஆண்டு விதிகளின் சாராம்சத்தை இங்கே காண்போம்.

புயல், வெள்ளம், வறட்சி, சுனாமி, நிலநடுக்கம், நிலச்சரிவு, தீ, ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, பனிச்சரிவு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர் ஆகிய பன்னிரண்டும் இதற்குரிய இடர்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் இடர் நேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. பாதிப்பு நேர்ந்தது என்று அரசு அறிவிக்க வேண்டும். பயிரைப் பொறுத்தவரை 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமாகியிருந்தால்தான் நிவாரணத்தின் கதவு திறக்கும். முன்பு இந்த எல்லை 50 சதவீதமாக இருந்தது, 2015-இல்தான் குறைக்கப்பட்டது. மாநிலத்தின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டால் மாநில அளவிலான வங்கியாளர் குழுவும், சில பகுதிகள் மட்டும் பாதிக்கப்பட்டால் மாவட்ட அளவிலான ஆலோசனைக் குழுவும் கூடி, எந்தெந்த வட்டாரத்தில் எவ்வகைக் கடன்களுக்கு நிவாரணம் தேவை என்று தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டில் மாநிலக் குழுவை நடத்தும் பொறுப்பு இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு. செங்கல்பட்டு மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி.

தீர்மானம் ஆனபின், குறுகிய காலப் பயிர்க்கடனைப் பிற்காலத்தில் தவணைகளாகச் செலுத்தும் கடனாக மாற்றி எழுதலாம். சேதம் 33 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் இரண்டு ஆண்டு வரையிலும், 50 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரையிலும் அவகாசம் கிடைக்கும். இரண்டிலும் முதல் ஓராண்டு, தவணை எதுவும் கேட்கப்படாத ஓய்வுக் காலம். டிராக்டர், பம்ப்செட் போன்றவற்றுக்காக வாங்கிய நீண்ட காலக் கடன் என்றால், பயிர் மட்டும் போயிருக்கும்போது அந்த ஆண்டின் தவணையை ஓராண்டு தள்ளிவைக்கலாம். பொருளும் சேதமாகியிருந்தால், கடன்பட்டவரின் சக்தியைக் கணித்து, பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் முடியும்படி புதிதாக வகுக்கலாம். இவற்றுக்காகக் கூடுதல் ஜாமீனோ அடமானமோ கேட்டு வற்புறுத்தலாகாது என்பதும், அபராத வட்டி விதிக்கலாகாது என்பதும், அடுத்த சாகுபடிக்குப் புதுக்கடனும் கொடுக்க வேண்டும் என்பதும் விதி.

சிறு வியாபாரிகள், கைவினைஞர்கள், குறுந்தொழில் நடத்துவோர் ஆகியோரின் கடன்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பயிர்போல் சதவீதக் கணக்கு கிடையாது. பொதுவான நிவாரணம் வேண்டுமா, தனித்தனியே பார்த்துக்கொள்ளலாமா என்பதைக் குழுதான் முடிவு செய்யும். மாமல்லபுரத்துக் கல்தச்சரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உலகறிந்த பெருமை. கருங்கல்லை மழை கரைப்பதுமில்லை. ஆனால் மின்சார அறுவை இயந்திரம் நனைந்து கெட்டுவிடும். சுற்றுலாப் பிரயாணிகள் வராமல் மாதக்கணக்கில் கடை வெறிச்சோடும். இத்தகைய நஷ்டத்தைப் பயிர் விவரம் பதியும் கிராமக் கணக்கான அடங்கலில் எழுதிக் காட்ட முடியாது. கடற்கரைக் கோயிலுக்குச் செல்லும் வழியில் சங்கும் பாசிமணியும் விற்பவரின் நிலையும் இதுவே. எனவே இவர்கள் விற்பனைக் குறிப்பு, வாங்கிய சரக்கின் ரசீது, வங்கிக் கணக்கில் வரவு குறைந்த விவரம் ஆகியவற்றைக் காட்டித்தான் தங்கள் வழக்கை எடுத்துரைக்க வேண்டும்.

பணமும் பத்திரமும் வெள்ளத்தோடு போனவர்களுக்கும் விதியில் இடம் உண்டு. அடையாள ஆவணங்கள் அனைத்தையும் இழந்தவரும் எளிய முறையில் கணக்குத் தொடங்கலாம். அக்கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இல்லாமலும், ஆண்டு முழுவதும் வரும் வரவு ஒரு லட்சத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கிளை மூழ்கியிருந்தால் தற்காலிக இடத்திலிருந்தோ நடமாடும் வண்டியிலிருந்தோ வங்கி சேவை செய்ய வேண்டும். குடும்பச் செலவுக்கென்று 10,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் சிறு கடன் கொடுக்கவும் இடமிருக்கிறது.

அவகாசத்தின் விலை

இனி, வாசகர் மிகவும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன எந்த நிவாரணமும் கடனில் ஒரு ரூபாயைக்கூடக் குறைப்பதில்லை. வங்கி கொடுப்பது காலம். காலத்துக்கு வட்டி உண்டு.

12 சதவீத வட்டியில் 4 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கும் ஒரு கடைக்காரர் ஓராண்டு தவணை கட்டாமல் இருக்க அனுமதி பெற்றால், அந்த ஆண்டின் முடிவில் அவர் தர வேண்டியது 4 லட்சமல்ல. 4 லட்சத்து 48 ஆயிரம். 9 சதவீதத்தில் 25 லட்சம் வீட்டுக் கடன் பாக்கியுள்ள ஒரு மாதச் சம்பளக்காரர் ஆறு மாதம் தள்ளிவைத்தால், கூடுகின்ற வட்டி சுமார் 1,12,500 ரூபாய். கையில் பணமிருந்தும் ‘தள்ளிவைக்கலாம் என்கிறார்களே’ என்று தள்ளிவைப்பவர் தமக்குத் தாமே நஷ்டம் தேடிக்கொள்கிறார். கையில் எதுவுமில்லாதவருக்கோ, கந்துவட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது. வித்தியாசம் அவரவர் நிலையில் இருக்கிறது.

பயிர்க்கடனில் இக்கணக்கு சற்று மாறும். 3 லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். காலத்தில் கட்டினால் 3 சதவீதம் ஊக்கமாகக் கிடைத்து, உண்மையான பாரம் 4 சதவீதமாகிறது. இடருக்குப் பின் மாற்றியெழுதிய கடனுக்கு முதல் ஆண்டு மட்டும் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. இரண்டாம் ஆண்டு முதல் வங்கியின் சாதாரண வட்டி விகிதம் வந்துவிடும். மிகக் கடுமையான பேரிடர் என்று மத்திய அரசின் உயர்மட்டக் குழு தீர்மானிக்கும் சந்தர்ப்பங்களில் மட்டுமே அச்சலுகை நீண்ட காலத்துக்குக் கிடைக்கிறது. ஆகவே ஐந்து ஆண்டு அவகாசம் என்றதும் மகிழ்ந்துவிடாமல், எந்த ஆண்டு எவ்வளவு வட்டி என்று எழுத்தில் கேட்டு வாங்குவது விவேகம்.

வட்டிக்கு வட்டி என்ற பிரச்சினையை நாடு முழுவதும் ஒரு முறை பிரத்தியட்சமாகக் கண்டது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த ஆறு மாத வட்டிக்கும் வட்டி போடுவது நியாயமா என்று வழக்கு எழுந்தது. 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய மறுத்து, அந்தக் காலத்துக்கு வட்டிமேல் வட்டியோ அபராத வட்டியோ வசூலிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. தவணை ஒத்திவைப்பின் முழு இலக்கணமும் அத்தீர்ப்பில் அடங்கிவிடுகிறது: அசல் நிற்கும், வட்டி ஓடும், அபராதம் மட்டும் ஓயும்.

அப்படியானால் இந்நிவாரணத்தால் பிரயோஜனம்தான் என்ன என்று கேட்கலாம். பெரிய பிரயோஜனம் ஒன்று உண்டு. தொண்ணூறு நாளைக்கு மேல் தவணை நின்றால் சாதாரணமாக ஒரு கடன் ‘வராக்கடன்’ ஆகிவிடும்; பயிர்க்கடனுக்குப் பயிர்ப் பருவத்தைக் கொண்டு கணக்கிடுவர். அவ்வாறு ஆனவரின் பெயர் கெட்டு, வேறெங்கும் புதுக்கடன் கிடைக்காமல், அடமானமும் ஏலத்துக்குப் போகும் நிர்ப்பந்தம் நேரும். முறைப்படி மாற்றியெழுதிய கடனோ ஒழுங்கான கடனாகவே மதிக்கப்படும். அதாவது, பயிரை இழந்தவர் கௌரவத்தையும் சேர்த்து இழக்காமல் காப்பாற்றப்படுகிறார்; அடுத்த நவரைப் போகத்துக்கோ சொர்ணவாரிப் போகத்துக்கோ விதை வாங்க வங்கி வாசலில் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

தள்ளுபடி வேறு, நிவாரணம் வேறு

கடனை அறவே நீக்கும் தள்ளுபடியை வங்கி செய்வதில்லை. அதை அரசுதான் தன் கஜானாவிலிருந்து செய்கிறது. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, நிவர், புரெவி ஆகிய புயல்களையும் பருவம் தவறிய மழையையும் காரணமாகக் காட்டி, 16.43 லட்சம் விவசாயிகள் கூட்டுறவு வங்கிகளில் வாங்கிய 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சட்டசபையில் அறிவித்தார். அது பலருக்கு உயிர் கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே புயலில் அதே மழையில் பயிரை இழந்து, கடனை மட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்காமல் அருகிலிருந்த தேசியமயமான வங்கியில் வாங்கியிருந்த அண்டை வயல்காரருக்கு அதில் பங்கில்லை; கடனை முன்னதாகவே நாணயமாகக் கட்டி முடித்தவருக்கும் இல்லை. தள்ளுபடி எப்போது வரும், வருமா என்பது அரசியல் காலநிலையைப் பொறுத்தது. தவணை மாற்றமோ விதியில் எழுதப்பட்ட ஏற்பாடு. கேட்கத் தெரிந்தவர் எந்த ஆட்சியிலும் கேட்கலாம்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில், கடுமையான பேரிடர்களின்போது கடனைத் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் தரும்படி தேசிய ஆணையம் பரிந்துரைக்கலாம் என்று 13-ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் மலை சரிந்து ஊர்களே மறைந்தபின், உயிர் தப்பியோரின் கடன்களை அப்பிரிவின்படி தள்ளுபடி செய்யலாகாதா என்று கேரள உயர் நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. 2025-இல் செய்த சட்டத்திருத்தத்தால் அப்பிரிவே நீக்கப்பட்டுவிட்டது என்பது அரசின் பதிலாக வந்தது. சட்டப் புத்தகத்திலிருந்த ஒரு நம்பிக்கை இவ்வாறு அழிந்துபோயிற்று. அதே வயநாட்டில், அரசு கொடுத்த உடனடி உதவித்தொகை கணக்கில் விழுந்ததும் ஒரு வங்கிக் கிளை பழைய தவணையை அதிலிருந்தே பிடித்துக்கொண்டதும், ஊரே கொதித்தெழுந்தபின் அப்பணம் திருப்பித் தரப்பட்டதும் எல்லாருக்கும் பாடமாக வேண்டும். மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் என்று அரசு அறிவித்த தொகைகள் பசியாற்றவும் மீண்டும் விதைக்கவும் ஏற்பட்டவை. பழைய பாக்கிக்கு வரவு வைக்க ஏற்பட்டவை அல்ல.

விடுபட்டவர்கள்

இவ்வளவு விதிகளும் யாரைத் தொடாமல் போகின்றன என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. முதலாவதாக, புயல் அடித்த நாளில் ஏற்கனவே தவணை தவறியிருந்த கணக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. வேண்டுமென்றே கட்டாதவரைத் தடுப்பதற்காக ஏற்பட்ட இந்நிபந்தனை, முந்திய ஆண்டு மழையில் நொடித்து இரண்டு தவணை பின்தங்கியவரையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. 2022-இல் ஒரு புயலும் 2023-இல் ஒரு வெள்ளமும் கண்ட பிரதேசத்தில் இது சிறிய குறையன்று.

இரண்டாவதாக, செய்யூர், மதுராந்தகம் பக்கங்களில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவர்கள். நிலம் வேறொருவர் பேரில், சிட்டா வேறொருவர் பேரில், அடங்கலில் பயிர் செய்பவரின் பேர் ஏறாமலிருந்தால் வங்கிக்கு அவர் விவசாயியே அல்லர். மூன்றாவதாக, கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலும் அதற்குத் தெற்கிலும் உள்ள குப்பங்களின் மீனவர்கள். மீனவருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு என்று 2018-19 பட்ஜெட்டிலேயே விரிவாக்கினார்கள் என்றாலும், வலைக்கும் என்ஜினுக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவரிடமே கொண்டுவந்து போட்டுக் கழிக்கும் பழைய சம்பிரதாயம் இன்னும் வலுவாக இருக்கிறது. வியாபாரியின் நோட்டுப் புத்தகத்துக்கு ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை செல்லாது. எவனிடம் கடன்பட்டோம் என்பதே, எவ்வளவு நிவாரணம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பேரிடர் வருமுன்பே வங்கிக் கணக்கில் ஏறியிருப்பவனுக்குத்தான் பேரிடருக்குப் பின் வங்கி உதவும்.

செய்ய வேண்டியவை

ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே சில காரியங்களைச் செய்துகொள்வது அவசியம். குத்தகைதாரர் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, தாம் பயிரிடும் விவரத்தை அடங்கலில் ஏற்றும்படி கோர வேண்டும். சம்பா நெல்லுக்குப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமே, 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் அது கட்டாயமில்லை என்றாகிவிட்டதால், வங்கியே பிடித்திருக்கும் என்று நம்பியிராமல், வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும் கெடுவுக்குள் தாமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். படகு, இயந்திரம், கடைச் சரக்கு ஆகியவற்றின் படங்களும் ரசீதுகளும் ஒரு பிரதி கைபேசியிலும் ஒரு பிரதி உறவினர் வீட்டிலும் இருப்பது நலம்.

இடர் நேர்ந்துவிட்டால், தவணைத் தேதி வரும்வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் கடன் கணக்கு எண், நேர்ந்த சேதம், கேட்கும் அவகாசம் ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். இலக்கண சுத்தம் தேவையில்லை. தவணை தானாகப் பிடிக்கப்படும் ஏற்பாடு இருந்தால், அதை நிறுத்தும்படியும் அதே கடிதத்தில் கோர வேண்டும். கிளை மறுத்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் முறையிடலாம். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளுக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்; அதற்குக் கட்டணமில்லை; விவரம் கேட்க 14448 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

ஆள்வோரிடமும் வங்கியாளரிடமும் ஒரு வேண்டுகோள். நிவாரண விதிகளைச் சுற்றறிக்கையிலேயே வைத்திராமல், ஆண்டுதோறும் செப்டம்பரில் கடற்கரையோரக் கிளை ஒவ்வொன்றிலும் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். முந்திய இடரால் தவணை தவறியவரையும் வேண்டுமென்றே தவறியவரையும் ஒரே தட்டில் வைக்கும் நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். வாசகருக்கும் ஒரு வார்த்தை. வெள்ளம் வந்த பின் வங்கிக்குப் போகக் கூச்சப்படுவது நம்மில் பலருக்கு இயல்பு. கட்ட முடியவில்லையே என்று ஒளிவதும் மான உணர்ச்சிதான். ஆனால் இந்த ஏற்பாடு பிச்சையன்று, முறைப்படி வகுத்த உரிமை, கேட்டவருக்கே கிடைப்பது. தவணை தவறுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.